ஆறு மீன்களும் புதுத் தண்ணீரும்

கறுப்பு மீன்தான் முதலில் மேலே வந்தது. தண்ணீர் மட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு திறந்து திறந்து மூடியது. பசிக்கிறது போலிருக்கிறது என்று ஒரு சிட்டிகை தீனி போட்டேன். அது சீந்தவே இல்லை. அதன் பக்கத்தில் ஒரு ஆரஞ்சு மீன் வந்து நின்றது. பிறகு இன்னொன்று. ஐந்து நிமிஷத்துக்குள் ஆறு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றன.

வீட்டில் வேறு யாரும் இல்லை. ஃபேனைக்கூட நான் போடவில்லை. அதனால் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. ஆறு வாய்கள் காற்றைக் கடிக்கிற சின்னச் சத்தம். தண்ணீருக்குள் இருக்கிற ஜீவன் மூச்சுக்குத் தவிக்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

திடீரென்று ஒன்று கிறுக்குப் பிடித்தாற்போல் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றிப் பாய்ந்து கண்ணாடியில் மோதியது. மோதின வேகத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்படியே மிதந்தது. செவுள் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பகல் பதினொன்றே முக்கால். என் மகள் பிருந்தா வேலையிலிருந்து திரும்ப இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. அந்த ஆறு மணி நேரத்தைத்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன்.

எழுதலாமா என்று பிருந்தாவிடம் கேட்டுவிட்டேன். "எழுதுங்கப்பா. ஆனா உங்களுக்குத் தோதா மாத்தி எழுதாதீங்க" என்றாள். மாற்றவில்லை.

டெஸ்டிங் செக்‌ஷன் ஆசாமி

பம்ப் கம்பெனியில் நான் டெஸ்டிங் செக்‌ஷனில் இருந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், 'வாழ்க்கை முழுவதும் தண்ணீரோடு இருந்தவர் நீங்கள், கொடுத்துவைத்தவர்' என்று எழுதியிருக்கிறார். அவருக்குப் பதில் சொல்லத்தான் இந்த மீன் சமாச்சாரம் ஞாபகத்துக்கு வந்தது.

தண்ணீரோடு இருந்தேன் என்பது உண்மை. எத்தனை அடி ஆழத்திலிருந்து எத்தனை லிட்டர், எத்தனை நேரத்தில் மேலே வரும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவேன். தண்ணீர் என்றால் எனக்கு வேகம், அழுத்தம், ஆழம். அவ்வளவுதான். அதற்குள் என்ன கலந்திருக்கிறது, அது யாருக்கு ஒத்துக்கொள்ளும் என்பதெல்லாம் என் டிபார்ட்மென்ட் இல்லை.

ரிடையரான பிறகு இந்தத் திமிர் குறைந்திருக்க வேண்டும். எனக்கு ஏறிவிட்டது. தெருவில் எவர் வீட்டு மோட்டார் நின்றாலும் கூப்பிடாமலே போய் நிற்பேன். "அண்ணா பாத்தா சரியாயிருமுங்க" என்று நாலு பேர் சொன்னால் மனுஷனுக்குத் தலைகால் புரியுமா?

தொட்டி வந்த கதை

பிருந்தாவைப் பெங்களூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை தங்கமான பையன். வளைகாப்புக்கு நாள் குறித்து, மண்டபம்கூடப் பேசிவிட்டோம். ஏழாவது மாசம், குழந்தை வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது.

அதற்குமேல் அதைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டும் என்று மாப்பிள்ளைதான் கொண்டுவந்து விட்டார். வாரா வாரம் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பிருந்தா சாப்பிடக் கூப்பிட்டால் சாப்பிடுவாள். குளிக்கச் சொன்னால் குளிப்பாள். மற்ற நேரமெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். என் மனைவி ருக்மணி சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவாள். நான் மொட்டை மாடிக்குப் போய், நன்றாக ஓடுகிற மோட்டாரைப் பிரித்துப் பிரித்துப் பூட்டுவேன்.

ஒருநாள் அவளை டாக்டரிடம் காட்டிவிட்டு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தோம். கோட்டைமேட்டுப் பக்கம் வந்தபோது, "அப்பா, நிறுத்துங்க" என்றாள். மயக்கம் வருகிறதோ என்று பதறி நிறுத்தினேன். அவள் ஒரு மீன் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ள போயிப் பாக்கலாமுங்களா?" என்றாள். நாலு மாசத்தில் அவளாக வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே கடைக்குள் போனேன்.

கடைக்காரர் பஷீர் பாய்க்கு என் வயசு இருக்கும். பொறுமையான மனுஷர். இரண்டரை அடித் தொட்டி, ஒரு கறுப்பு, ஐந்து ஆரஞ்சு கோல்டு ஃபிஷ் எடுத்துக்கொடுத்துவிட்டு அவளுக்கு எல்லாம் சொன்னார்.

"குழாய்த் தண்ணிய நேரா ஊத்தீராதீங்க அம்மணி. ரெண்டு நாள் ட்ரம்முல கெடக்கட்டும். மாத்தறப்ப கால்வாசிக்கு மேல மாத்தாதீங்க. ஃபில்டர் பஞ்சைத் தொட்டில எடுத்த தண்ணிலயே அலசுங்க, குழாயில காட்டாதீங்க. அழுக்கைத் திங்கற நல்ல பூச்சி கண்ணுக்குத் தெரியாம அதுலதான் குடியிருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனுங்க பாய், நம்ம ஊருத் தண்ணிலயே குத்தம் கண்டுபுடிக்கறீங்களா? வெளியூர்ல இருந்து வர்ற ஒறம்பரை சனமெல்லாம் பாட்டில்ல புடிச்சுட்டுப் போறாங்க" என்றேன்.

"உங்குளுக்கும் எனக்கும் அது அமிர்தமுங்க. மீனுக்கு வேற சங்கதிங்க" என்று மட்டும் சொன்னார். நான் ஸ்கூட்டரைக் கிளப்பப் போய்விட்டேன்.

பிருந்தா ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள். வாரம் ஒருதரம் குழாய் வைத்துக் கால்வாசித் தண்ணீரை அடியழுக்கோடு உறிஞ்சி எடுப்பாள். நீல ட்ரம்மில் இரண்டு நாள் கிடந்த தண்ணீரில் நாலைந்து சொட்டு மருந்து விடுவாள். ஒரு கையைத் தொட்டியிலும் இன்னொரு கையை வாளியிலும் விட்டுச் சூடு ஒன்றாக இருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். தொட்டிக்குள் ஒரு சாசரைப் பிடித்து, அதன்மேல் மக்கால் மெதுவாக ஊற்றுவாள். இதெல்லாம் முடிய ஒரு மணி நேரம் ஆகும்.

"பத்து நிமிஷ வேலை அம்மணி இது. நம்மகிட்ட மோட்டார் இருக்குது" என்று நான் கிண்டல் செய்வேன். அவள் திரும்பமாட்டாள். ஆனால் அந்த ஒரு மணி நேரமும் அவள் முகம் பழைய முகமாக இருக்கும். மீன்களுக்குப் பேர் வைக்கலாமே என்று ருக்மணி கேட்டதற்கு மட்டும் வேண்டாமென்றுவிட்டாள்.

அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். சாப்பாட்டில் உப்பு குறைவு என்று சொல்ல ஆரம்பித்தாள். அவள் கம்பெனிக்குச் சரவணம்பட்டியிலும் ஆபீஸ் இருந்தது. இங்கேயே வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். அவள் வேலைக்குப் போன முதல் நாள்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிற அந்த வெள்ளிக்கிழமை.

பழைய தண்ணி

ருக்மணி முதல் நாளே உடுமலைப்பேட்டைக்குத் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். பிருந்தா புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, மீனுக்கு நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. தண்ணி கொறைஞ்சாப்ல இருந்தா நீல ட்ரம்முல இருந்து ரெண்டு மக்கு ஊத்துங்க, போதும்."

"சரி கண்ணு. நீ வெசனப்படாம போயிட்டு வா."

"ட்ரம்முத் தண்ணிதானுங்கப்பா."

"சரீங்க அம்மணி" என்று கும்பிட்டேன். சிரித்தாள். அந்தச் சிரிப்போடு போனாள்.

பத்து மணிக்கு நல்ல தண்ணி வந்தது. எங்கள் ஊரில் வீட்டுக்கு இரண்டு தண்ணீர். புழங்குவதற்கு ஆழ்துளைக் கிணற்றுப் போர்த் தண்ணி, குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணி. நல்ல தண்ணி தினம் வராது. சில நாளுக்கு ஒருதரம்தான் வரும். வருகிற அன்றைக்கு வீட்டில் சின்னத் திருவிழா. அண்டா, குடம், ட்ரம் எல்லாவற்றிலும் மிச்சமிருப்பதைக் கவிழ்த்து, விளக்கி, புதிதாகப் பிடித்து வைக்க வேண்டும். பழைய தண்ணீர் எத்தனை தெளிவாக இருந்தாலும் சரி, புதுத் தண்ணீர் வந்துவிட்டால் அதற்கு வீட்டில் இடமில்லை. நேற்று வரைக்கும் குடித்த தண்ணீரைத் தென்னை மரத்துக்குக் கொட்டிவிடுவோம்.

ருக்மணி சரியாக அந்த நேரத்துக்குப் போன் செய்தாள். "ஏனுங்க, தண்ணி வந்துபோச்சுங்களா? பழசெல்லாம் கொட்டிப்போட்டு, நல்லா வெளக்கிப்போட்டுப் புடிச்சு வைங்க. போன தடவையாட்டப் பாதிய வெச்சுக்கிட்டு அதுக்கு மேலயே ஊத்திப்போடாதீங்க."

ரோஷம் வந்துவிட்டது. அண்டாவைக் கவிழ்த்தேன். குடங்களைக் கவிழ்த்தேன். நீல ட்ரம்மையும் உருட்டிக்கொண்டுபோய்த் தென்னை மரத்தடியில் கவிழ்த்தேன். பளபளவென்று தேய்த்துப் புதுத் தண்ணீர் பிடித்தேன். பிருந்தா சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. 'ட்ரம்முத் தண்ணி' என்றாள். ட்ரம்மில் தண்ணீர் இருக்கிறது. பழையதைவிட நல்ல தண்ணீராகவே இருக்கிறது. என் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

எல்லாம் முடிந்தும் குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கூடத்தில் தொட்டி நின்றது. லேசான மஞ்சள் தண்ணீர், கல்லில் கொஞ்சம் பாசி. வீட்டிலேயே பழைய தண்ணீர் மிச்சமிருந்த ஒரே இடம் அதுதான். முதல் நாள் வேலைக்குப் போன பெண் களைத்து வருவாள், பளிங்காக இருக்கிற தொட்டியைப் பார்த்தால் சந்தோஷப்படுவாளே என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன்.

மீன்களை வாளிக்கு மாற்றிவிட்டு, டுல்லு மோட்டார் என்று நாங்கள் சொல்லும் குட்டிப் பம்பைக் கொண்டுவந்து மாட்டினேன். மூன்று நிமிஷத்தில் தொட்டி காலி. கல்லைப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து வெள்ளையாக்கினேன். ஓஸை நீட்டித் தொட்டி நிறையப் புதுத் தண்ணீர் விட்டேன். மருந்து வாசம் கொஞ்சம் அடித்தது. குழாய்த் தண்ணீரில் மருந்து போடுவது நம் உடம்புக்காகத்தானே, மீனுக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழைய தண்ணீரில் நின்ற மீன்களை வலையில் அள்ளி உள்ளே விட்டுவிட்டு, வாளியையும் தென்னைக்கே கொட்டினேன்.

மொத்தம் இருபது நிமிஷம். பிருந்தா திரும்பியதும் சொல்லிக் காட்ட வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

அன்னூரில் ஒரு போர்

இங்கே ஒரு பழைய கதை குறுக்கே வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கம்பெனியில் சேர்ந்த புதிதில், அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் போருக்கு மோட்டார் இறக்கப் போனோம். அதற்கு முன் இரண்டு போர் போட்டு இரண்டும் புகைதான், சொட்டுத் தண்ணீர் இல்லை. இது மூன்றாவது. பொழுதுக்கும் வேலை செய்து மோட்டாரை இறக்கி, ஸ்விட்ச் போடப் போகிற நேரத்தில் தோட்டக்காரரைக் காணோம். பார்த்தால் நாலடி தள்ளி, போருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

"ஏனுங்க, இக்கட்டாலத் திரும்பிப் பாருங்க" என்றேன்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க தம்பி. எனக்கு நெஞ்சு தாங்காதுங்க."

முதலில் வெறும் காற்று வந்தது. பிறகு சேறு. பிறகு ஒன்றரை இஞ்சுக்குத் தண்ணீர் வந்தது. நாங்கள் கத்தின பிறகும் அவர் திரும்பவில்லை. தண்ணீர் காலை நனைத்த பிறகுதான் திரும்பினார். முழுத்த ஆம்பிளை, இப்படியும் பயப்படுவாரா என்று கேண்டீனில் அதைப் பல வருஷம் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை, ஆறு வாய்களும் திறந்து மூடிய அந்தக் கூடத்தில், நானும் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பார்க்கவில்லை என்றால் சரியாகிவிடும் என்று நம்பினேன். ஆனால் காதை எங்கே திருப்பிக்கொள்வது?

போனைக் கையில் எடுத்தேன். பிருந்தாவின் பேரைத் திறந்தேன். சரியாக அப்போது அவளிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. புது மேஜை, அதன்மேல் யாரோ வைத்த பூங்கொத்து. கீழே 'எல்லாரும் நல்லா இருக்காங்கப்பா' என்று எழுதியிருந்தாள்.

இவளிடம் எப்படிச் சொல்வது? உன் மீனெல்லாம் சாகிறது என்று முதல் நாளே, பத்துப் பேர் நடுவில் இருப்பவளிடம் எப்படிச் சொல்வது? மறுபடியும் அந்த ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டால்? இந்தத் தடவை எழுந்திருக்கவே இல்லையென்றால்? போனை வைத்தேன். மறுபடி எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

அப்போது ஒரு யோசனை வந்தது. இதே மாதிரி ஆறு மீன் வாங்கி வந்து விட்டுவிட்டால் அவளுக்குத் தெரியவா போகிறது? ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். எந்த நேரத்தில் எனக்கு அந்த யோசனை வந்ததோ.

கடை மூடியிருந்தது

வெள்ளிக்கிழமை மதியம். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே வரிசையாகத் தொட்டிகளில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தால் ஆரஞ்சு மீன்கள் நிம்மதியாக நீந்தின.

அந்த வாசலில் அரைமணி நேரத்துக்கு மேல் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. வீட்டுக்குப் போகலாமென்றால் அந்தச் சத்தத்துக்குப் பயம். பிருந்தாவைக் கூப்பிடலாமென்றால் அவள் குரலுக்குப் பயம். பேசாமல் நின்றேன். நின்றதுதான் நான் செய்த பெரிய தப்பு. தண்ணீரை மாற்றியது அறியாமையில் செய்தது. நின்றது தெரிந்தே செய்தது.

பாய் தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே வந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாங்க, வாங்க. ரொம்ப நேரமா நிக்கறீங்களா?"

"பாய், அன்னிக்கு வாங்குனமே, அதே அளவுல கறுப்பு ஒண்ணு, ஆரஞ்சு அஞ்சு வேணுமுங்க."

"ஏனுங்க, என்னாச்சு அதுக்கு?"

சொன்னேன். மோட்டார் போட்டது, பஞ்சைப் பிழிந்தது, ட்ரம்மைக் கவிழ்த்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"இப்ப உசுரோட இருக்குதுங்களா?"

"நான் வர்றப்ப இருந்துச்சுங்க."

"அப்பறம் ஏனுங்க இங்க நிக்கறீங்க?"



பேசிக்கொண்டே அவர் வேலையில் இறங்கினார். தன் தொட்டியிலிருந்து ஒரு கேன் பழகிய தண்ணீர் பிடித்தார். இன்னொரு தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஃபில்டரிலிருந்து அழுக்குப் பஞ்சு ஒன்றை ஈரத்தோடு கவரில் போட்டார்.

"புது மீனு தர மாட்டேனுங்க. அந்தத் தண்ணில உட்டா அதுவும் செத்துப்போகும். குளோரின் அதும்பட செவுளை அரிக்குது. ஆன்ட்டி குளோரின் மருந்து அம்மணி வாங்கிட்டுப் போயிருக்காங்க, நீல மூடி பாட்டில். ஊட்டுலதான் இருக்கும். ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா அப்பவே ஊத்தியிருக்கலாமுங்களே."

"வேற ஒரு பாட்டில் குடுத்துருங்க பாய்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். கொடுத்தார்.

"இதுல போட்டிருக்கற அளவு ஊத்துங்க. காத்து மோட்டாரை ஃபுல்லா வைங்க. விளக்கை அணைச்சுப்போடுங்க. இந்தக் கேன் தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமா உடுங்க. பதட்டத்துல மறுக்காத் தண்ணி மாத்தீராதீங்க. அதுக்கப்பறம் ஆண்டவன் விட்ட வழி."

மூன்று மணி

வீட்டுக்கு வந்தபோது இரண்டு மீன்கள் செத்திருந்தன. சின்னதாக இருந்த இரண்டு ஆரஞ்சும். ஒன்று ஃபில்டர் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவசரத்தில் மருந்தில் பாதி மேஜையில் சிந்தியது. பாய் சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்தேன். செத்த இரண்டையும் கிண்ணத்தில் எடுத்துப் போட்டேன். சமையலறையில் வைத்து மேலே தட்டைக் கவிழ்த்தேன். ஏன் மூடினேன் என்று தெரியவில்லை.

மிச்சம் நாலு. கறுப்பு தொட்டியின் அடியில் கிடந்தது. மற்ற மூன்றும் மூலையில் ஆடின. அவற்றில் பெரியது, தலையில் வெள்ளை மச்சம் உள்ளது, பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. பிருந்தா கண்ணாடியில் விரல் வைத்தால் முதலில் வருகிற மீன் அதுதான். இது மட்டுமாவது பிழைக்கட்டும் என்று மருதமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். மீனுக்காக நான் சாமி கும்பிட்டேன் என்று யாராவது முந்தின நாள் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

மூன்று மணிக்குப் போன் அடித்தது. பிருந்தா.

"அப்பா, சாப்பிட்டீங்களா? நாங்க எல்லாருஞ் சேந்து போயிச் சாப்பிட்டமுங்க. ஒருத்தி இருக்கறா, அவ பேசறதைக் கேட்டா சிரிச்சு சிரிச்சு வயிறே வலிக்குது."

"அப்படியா கண்ணு. நல்லதாப் போச்சு."

"மீனெல்லாம் எப்படியிருக்குதுங்க?"

தொட்டியைப் பார்த்தேன். வெள்ளை மச்சம் சாய்ந்தது. இந்தத் தடவை நிமிரவில்லை.

"நல்லாருக்குது" என்றேன்.

"சரீங்கப்பா, வாரேன்" என்று வைத்துவிட்டாள். அறுபத்து மூன்று வயசில், பெற்ற பெண்ணிடம் இப்படி ஒரு பொய் சொன்னேன். அசிங்கமாக இருந்தது. அந்த அசிங்கத்தையும் மீறிப் பயம்தான் இருந்தது.

நாலு மணிக்கு வெள்ளை மச்சத்தையும் கிண்ணத்தில் போட்டேன்.

கேட் சத்தம்

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்ததுதான். மிச்சமிருந்த மூன்றும் மெதுவாக நீந்த ஆரம்பித்தன. கறுப்பு ஒருதரம் அடியிலிருந்து எழும்பி வந்து போனது. தெருவில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவளிடம் சொல்லவேண்டிய வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

ஆறு மணி வாக்கில் கேட் திறந்தது.

"அப்பா, அம்மா வந்தாச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவள் என்னைப் பார்த்தாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று புரிந்தது.

"கண்ணு..." என்று எழுந்தேன். மறுபடி உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். மோட்டார், பஞ்சு, ட்ரம், பாய் கடை, மூணு மணிக்குச் சொன்ன பொய், சமையலறைக் கிண்ணம்.

அவள் கத்தவில்லை. கைப்பையைக் கீழே வைத்தாள். குனிந்து தண்ணீரை மோந்து பார்த்தாள். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து எத்தனை ஊற்றினேன் என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் அளந்து விட்டாள். சமையலறைக்குப் போய்த் தட்டைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"இந்த மூணும் பொழைச்சுக்கும்னு நெனைக்கறேன்" என்றாள். தரையில், என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்கப்பா என்னை அப்பவே கூப்படலை? மருந்து அலமாரிலயே இருந்துச்சு."

"பயமா இருந்துச்சு கண்ணு. உன்கிட்டச் சொல்லிப்போட்டா நெசமாயிருமோன்னு இருந்துச்சு. எப்படியும் சரியாயிரும், சரியாயிரும்னு பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தேன். அழவில்லை. கண் அகலத் திறந்திருந்தது.

"நானும் அப்படித்தானுங்கப்பா உக்காந்திருந்தேன்" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"அன்னிக்கு, பெங்களூர்ல. வயித்துல அசைவு இல்லைன்னு தெரிஞ்சுது. இனிப்புச் சாப்பிட்டுப் பாத்தேன். எடக்கைப் பக்கமாப் படுத்துப் பாத்தேன். அவர் ஆபீஸ் போயிட்டாரு. உங்களைக் கூப்படலாம்னு போனை எடுத்தேனுங்க. அப்பா பயந்துக்குவாரேன்னு வெச்சுட்டேன். சாயங்காலம் அவர் வந்த பொறகுதான் சொன்னேன்."

தொட்டியைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னாள்.

"டாக்டரம்மா எப்பருந்துன்னு கேட்டாங்க. மத்தியானத்துல இருந்துன்னு சொன்னேன். முன்னயே வந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மான்னு அவங்க சமாதானம் சொன்னாங்க. ஆனா அவங்களுக்கு நான் சொன்னது பொய்யிங்கப்பா. மத்தியானம் இல்லை. காத்தாலயே எனக்குத் தெரியும். இது அவருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. யாருக்குமே தெரியாது."

அன்றைக்குக் காலையிலிருந்து நான் பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை. இதை ஒற்றை ஆளாக, இத்தனை மாசமாக இவள் வயிற்றில் சுமந்துகொண்டு என் கண் முன்னாலேயே நடமாடியிருக்கிறாள். நான் மாடியில் மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"உன் மேல தப்பில்லை கண்ணு" என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும், அவள் எழுந்து விளக்குப் போடப் போய்விடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. நாற்காலியிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடித்தேன். மேலே கேட்க எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

"காத்தால எத்தனை மணிக்குக் கண்ணு?" என்று கேட்டேன்.

"எட்டேகால் இருக்குமுங்கப்பா" என்று ஆரம்பித்தாள்.